புத்தளக் கரையும் கண்டி இராச்சியமும்

மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்று புத்தளப் பகுதியிலே தமிழ் வழங்கும் கரையோர ஊர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் குடியேற்றக் கதைகளோடு நின்றுவிடுகின்றனர். இக்கரை ஒருகாலத்தில் ஓர் இராச்சியத்தின் கடல்வாயிலாக விளங்கியமை போதிய கவனம் பெறவில்லை.

மேற்குக் கரையிலே கண்டி மன்னர்க்கு எஞ்சியிருந்த துறைகளுள் புத்தளம் முக்கியமானது. மலைநாட்டுப் பாக்கு இங்கு வந்தே கப்பலேறிற்று. தென்னிந்தியத் துணியும், கருவாடும், அனைத்தினும் மேலாக உப்பும் தவளமாடுகளின் முதுகிலேறி உள்நாடு சென்றன. இவ்வணிகத்திலே முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர்.

ஒல்லாந்தர் 1659 இல் கற்பிட்டியைக் கைப்பற்றிப் பின்னர் அங்கே கோட்டையொன்றை எழுப்பினர். கடனீரேரிக்குட் புகும் மரக்கலங்கள் அதன் கண்காணிப்புக்குட்பட்டன. புத்தளம் மன்னனுடையது, அதற்குச் செல்லும் நீர்வழியோ கும்பனியுடையது. இவ்விசித்திர நிலை ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1765 இல் ஒல்லாந்தப் படை கண்டிவரை புகுந்தது. மறு ஆண்டு, நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தத் தேசாதிபதி ஃபால்க்குடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் இலங்கையின் கரையோரம் முழுவதும் கும்பனிக்குச் சென்றது. புத்தளம், சிலாபம் ஆகிய இடங்களில் உப்பெடுக்கும் சலுகை மட்டும் கண்டி மக்களுக்கு விடப்பட்டது. தன் மண்ணில் விளைந்த உப்பை அயலான் அனுமதியோடு அள்ளவேண்டிய நிலைமையைச் சலுகை என்பது பொருந்துமோ?

ஆறாண்டுகளின் பின்னர், 1772 இல், ஐரோப்பாவிலும் இத்தகைய நிகழ்ச்சியொன்று இடம்பெற்றது. போலந்தின் முதற் பிரிவினையிலே பிரசியா பால்டிக் கரையோர நிலங்களையும், ஒஸ்திரியா வியெலிச்கா உப்புச் சுரங்கங்களையும் கைக்கொண்டன. விஸ்துலா ஆற்றுவழி வணிகத்தின்மீது பிரசிய மன்னன் கடுஞ்சுங்கம் விதித்தான். கடலையும் உப்பையும் பறிகொடுத்த நாடு 1795 ஆம் ஆண்டுப் பிரிவினையோடு தேசப்படத்திலிருந்தே மறைந்தது. எனினும் ஒரு வேற்றுமை நோக்கற்பாலது. பிரசியர் பிற்காலத்தில், தாம் கைப்பற்றிய போலந்து நிலங்களிலே ஜெர்மானியரைக் குடியேற்றினர். பள்ளிகளிலே ஜெர்மன் மொழியைத் திணித்தனர். கும்பனியாரோ வருவாயையே நாடினர். புத்தளத்தாரின் மொழியை மாற்றுவதில் அவர்கள் அத்தகைய முனைப்புக் காட்டவில்லை.

அதே 1795 இல் கற்பிட்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1796 இல் சென்னையிலே கண்டித் தூதர் செய்த உடன்படிக்கை, உப்பும் மீனும் பெறுதற்பொருட்டுக் கரையில் ஓரிடத்தையும் சிறு மரக்கலங்கள் பத்தையும் மன்னனுக்கு ஒப்புக்கொண்டது. கரை முழுவதற்கும் உரிமை கோரிவந்த இராஜாதி இராஜசிங்கன் இதனை ஏற்று உறுதிசெய்யவில்லை. அவன் மறுப்பைப் பிடிவாதம் எனக் கூறுவோர், பத்துத் தோணிகளைக் கொண்டு ஓர் அரசு எங்ஙனம் கடல்வாணிகம் நடத்தும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1815 இல் கண்டி வீழ்ந்தது. 1845 இல் ஆங்கிலேயர் வடமேல் மாகாணத்தை அமைத்தபோது, புத்தளக் கரையும் குருநாகல் உள்நாடும் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. உப்போ அரசாங்கத்தின் தனியுரிமைப் பண்டமாய் இருந்தது.