உருகிக் காக்கும் கம்பி

வானொலிப் பெட்டி திடீரென ஊமையாகிவிட்டால் “பியூஸ் போயிற்று” என்பது எங்கும் உள்ள வழக்கு. கைக்குக் கிடைத்த வேறொரு கண்ணாடிக் குழாயைச் செருகிப் பெட்டி மீண்டும் பேசத் தொடங்கியதும் மனநிறைவு கொள்வாரும் உளர். குழாயின் மூடியில் பொறித்த எழுத்துகளைப் படித்துப் பார்ப்பவர் சிலரே. அவ்வெழுத்து ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாதவர் கையில் பியூஸ் காவலனாக இராது.

பியூஸ், அதாவது உருகி, மின்விளக்குக்கு முன்பே தந்திக்காகப் பிறந்தது. தந்திக் கம்பி வழியே இறங்கிய இடி, நிலையத்துக் கருவிகளைக் கருக்கி வந்தது. கடிகாரத் தொழிலில் புகழ்பெற்ற குடும்பத்தில் வந்த பிரெஞ்சு அறிஞர் லூயி பிரெகே, 1847ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கூறினார். நிலையத்திற்கு வெளியே கம்பியின் ஒரு பகுதியை மிக மெல்லியதாக அமைத்தால், மிகுந்த மின்சாரம் பாயும்போது அது முதலில் உருகி அறும். உள்ளிருக்கும் கருவி பிழைக்கும். வலிய தொடரில் ஓரிடத்தை வேண்டுமென்றே நலிவாக்கிய இந்த எண்ணமே உருகியின் தொடக்கம்.

பின்னர் எடிசனின் காலம். அவர் 1880இல் பாதுகாப்புக் கம்பி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1882 செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெரு மின்நிலையம் விளக்கு வழங்கத் தொடங்கியது. இப்போது அஞ்சத்தக்கது வானத்து இடியன்று. சுவருக்குள் ஓடும் கம்பியே சூடேறி வீட்டைக் கொளுத்திவிடும் என்ற அச்சம். கருவியைக் காக்கப் பிறந்த உருகி, கம்பியைக் காக்கும் பணியையும் ஏற்றது.

எவ்வளவு மெல்லிய கம்பி, எவ்வளவு மின்னோட்டத்தில் உருகும்? பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் மின்னியல் வல்லுநர் வில்லியம் பிரீஸ் 1880களில் இதை ஆய்ந்து ஒரு விதி வகுத்தார். உருக்கும் மின்னோட்டம், கம்பி விட்டத்தின் முப்படிக்கு வர்க்கமூலம் கண்டால் வரும் எண்ணுக்கேற்ப உயரும். விட்டம் இரட்டித்தால் மின்னோட்டம் இரண்டு மடங்கன்று, ஏறக்குறைய 2.8 மடங்கு வேண்டும். 0.2 மில்லிமீட்டர் செப்புக் கம்பிகூட 7 ஆம்பியர் வரை தாங்கும். ‘சற்றே தடித்த கம்பிதானே’ என்று சுற்றிவிடுவதும், சிகரெட்டு உறையின் வெள்ளித்தாளைப் பொதிந்து செருகும் கைவைத்தியமும் எத்துணைத் தீங்கானவை என்பதற்கு இக்கணக்கே சான்று.

கம்பி உருகியவுடன் மின்சாரம் நின்றுவிடுவதில்லை. அறுந்த முனைகளுக்கிடையே தீச்சுடர் பாலம்போல் நின்று மின்னோட்டத்தைத் தொடர்கிறது. இதனை மின்வில் என்பர். திறந்த கம்பியானால் உருகிய உலோகமும் தெறிக்கும். மார்டி என்னும் ஆங்கிலேயர் 1890இல் கம்பியைக் குழாயில் அடைத்து மணல் முதலிய பொடிகளை நிரப்பும் முறைக்கு உரிமை பெற்றார். பொடி, வெப்பத்தை உறிஞ்சி மின்வில்லை அவிக்கிறது. உருகியில் வோல்ட் அளவும் எழுதப்படுவது இதனாற்றான். 250 வோல்ட் வேண்டுமிடத்தில் அதற்கு மேற்பட்டதைப் போடலாம், குறைந்ததைப் போடலாகாது.

மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் இன்றும் உள்ள மூன்று சதுரக் கால் பிளக்கும் இவ்வரலாற்றின் ஒரு கிளை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் செம்பு அரிதாயிருந்த பிரிட்டனில், 30 ஆம்பியர் உருகி ஒன்றின் கீழ்ப் பல இணைப்புகளை வளையமாக இணைக்கும் முறை வந்தது. 30 ஆம்பியர் உருகி மேசை விளக்கின் மெல்லிய கம்பியைக் காவாது. ஆகவே 1947இல் தரம் வகுக்கப்பட்ட பிளக்கில் தனி உருகி வைத்தனர். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஏறத்தாழ 700 வாட் வரை போதும். வானொலிக்கு 13 ஆம்பியர் போடுவது காவலனை உறங்கவைப்பதாகும்.

மின்னணுக் கருவிகளின் சிறு குழாய்களில்தான் குழப்பம் மிகுதி. மின்மாற்றி உள்ள கருவி, முடுக்கிய கணத்தில் பன்மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதைப் பொறுத்திருக்கும் மந்த உருகிக்கு ‘டி’ எழுத்தும், பொறாத விரைவு உருகிக்கு ‘எஃப்’ எழுத்தும் ஜெர்மன் சொற்களிலிருந்து வந்தன. ‘எல்’ என்பது கண்ணாடிக் குழாய். பெரும்பாலும் 35 ஆம்பியர் வரையே அறுக்க வல்லது. மணல் நிரம்பிய ‘எச்’ வகை 1500 ஆம்பியரையும் அறுக்கும். பழையதில் ‘எச்’ இருந்தால் ‘எல்’ வாங்கலாகாது.

ஆம்பியர் எண்ணும் முழு உண்மை சொல்வதில்லை. 1 ஆம்பியர் எனப் பொறித்த அமெரிக்க முறை உருகி, 1.35 ஆம்பியரில் ஒரு மணி நேரத்திற்குள் உருகியாக வேண்டும். அதே எண் கொண்ட ஐரோப்பிய முறை விரைவு உருகியோ 1.5 ஆம்பியரை ஒரு மணி நேரம் தாங்கியாக வேண்டும். கடைக்காரர் இரண்டையும் ஒன்றென்றே எடுத்துக் கொடுப்பார்.

இவ்வளவும் பொருந்தினாலும் டிரான்சிஸ்டர் பிழைக்குமென்று உறுதியில்லை. அது பல வேளைகளில் உருகியை முந்திக்கொண்டு மாண்டுவிடும். உருகி பின்வரும் தீயைத் தடுக்கும். ஒத்த வகையிலேயே மாற்றிய புதியதும் உடனே அறுந்தால், கோளாறு உருகியிலன்று, பெட்டிக்குள் இருக்கிறது. மூன்றாவது குழாயைத் தேடுவதற்குமுன் பழுதுபார்ப்பவரைத் தேட வேண்டும்.