ஃபெரூலும் பூட்டும்: ஒளியிழை இணைப்பிகளின் வளர்ச்சி

ஒரு கிலோமீட்டருக்கு 20 டெசிபெல்லுக்கு மேல் ஒளியை இழக்காத கண்ணாடி கிடைத்தால் அதன் வழியே தொலைபேசி உரையாடல்களை அனுப்பலாம் என்று 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் எழுதினர். 1970இல் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் அந்த எல்லையை எட்டினர். ஒளியிழையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கண்ணாடியின் தூய்மையைப் பின்தொடர்ந்தே செல்கின்றனர். இழையின் முனையைக் கருவியில் செருகவும் கழற்றவும் வழி தேடியவர்களின் உழைப்புக்கு அதில் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அந்த உழைப்பு இரு கட்டங்களாகப் பிரிகிறது என்பது என் கருத்து. ஒளியை முழுதாகக் கடத்துவது எப்படி என்ற கேள்விக்கு 1980களிலேயே விடை கிடைத்துவிட்டது. அதன்பின் வந்த வகைகள் பெரும்பாலும் செருகுபவரின் கைக்கும் கருவியில் உள்ள இடத்துக்கும் ஏற்ப உருவானவை.

சிக்கலின் அளவைச் சில எண்களே சொல்லிவிடும். ஒற்றைமுறை இழையின் வெளிவிட்டம் 125 மைக்ரான். ஒளி செல்லும் உள்ளகம் ஏறத்தாழ 9 மைக்ரான். எதிரெதிரே நிற்கும் இரு உள்ளகங்கள் 1 மைக்ரான் விலகினால் சுமார் 0.16 டெசிபெல் இழப்பு. விலகல் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். நெடுந்தொலைவுத் தடத்தில் இழைகளை உருக்கி ஒட்டுவதற்கு இதுவே காரணம். அப்படி ஒட்டிய இடத்தில் 0.1 டெசிபெல்கூடப் போவதில்லை. ஆனால் கருவி இருக்கும் முனையில் உருக்கி ஒட்டிவிட்டால் பின்பு கழற்ற முடியாது.

தொடக்கத்தில் கையிலிருந்ததையே பயன்படுத்தினர். எஸ்.எம்.ஏ. இணைப்பி நுண்ணலைக் கருவிகளிலிருந்து வந்தது. பெல் ஆய்வகத்தின் பைகோனிக் இணைப்பி கூம்பு வடிவ முனையை இரட்டைக் கூம்பு உறைக்குள் அமர்த்தியது. இரண்டிலும் இழை முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தின் இருபுறமும் தலா 4 சதவீதம் அளவுக்கு ஒளி திரும்பிவிடும். திரும்பிய ஒளி லேசரையும் குலைக்கும். போதாததற்கு, முனை உள்ளே சுழலாமல் தடுக்கும் சாவி தொடக்க வடிவங்களில் இல்லை. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இழப்பின் அளவு மாறியது.

ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் உருவாக்கிய எஃப்.சி. இணைப்பியை ஒரு திருப்பம் என்றே சொல்வேன். அதன் மையத்தில் இருப்பது ஃபெரூல் எனப்படும் 2.5 மி.மீ. விட்டமுள்ள உருளை. ஸிர்கோனியா பீங்கானே அதற்கு நிலைத்த பொருளாயிற்று. நடுவே, இழை மட்டும் நுழையும் துளை. இழையை எப்பாக்ஸி பசையால் அதில் ஒட்டி, வெளியே நீட்டியிருப்பதை வெட்டி, தாளில் தேய்த்து மெருகேற்றுவார்கள். தொடக்கத்தில் தட்டையாக இருந்த முகம் பின்னர் மெல்லிய குவிமாடமாகத் தேய்க்கப்பட்டது. ஃபெரூல்கள் இரண்டும் நெடுக்கில் பிளவுபட்ட ஓர் உறைக்குள் இருபுறமிருந்து நுழைகின்றன. உறையின் உள்விட்டம் ஃபெரூலைவிட மயிரிழை குறைவு. அதனால் இறுகப் பற்றி நேர்கோட்டில் நிறுத்துகிறது. சுருள்வில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையின் விசையுடன் அழுத்த, குவிந்த முகங்களின் உச்சியில் கண்ணாடியும் கண்ணாடியும் ஒட்டுகின்றன. காற்றுக்கு அங்கே இடமில்லை. திரும்பும் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெருகு கூடியபோது லட்சத்தில் ஒரு பங்கானது. முகத்தை 8 பாகை சாய்த்துத் தேய்த்தபோது, திரும்பும் ஒளி உள்ளகத்தில் தங்காமல் வெளியேறி, பத்து லட்சத்தில் ஒன்றாகியது. திருகாணிப் பூட்டு அதிர்வுக்குத் தளராது என்பதால், அளவீட்டுக் கருவிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் எஃப்.சி. இன்றும் விடைபெறவில்லை.

இதன்பின் மாறியது பூட்டு. 1980களின் நடுவில் ஏ.டி. அண்ட் டி. கொண்டுவந்த எஸ்.டி. இணைப்பியை அழுத்திச் சற்றே திருப்பினால் போதும். பல்கலைக்கழக வளாகங்களின் பன்முறை இழைகளில் அது பரவியது. ஆயினும் கேபிளை இழுத்தால் ஃபெரூல் பின்வாங்கி ஒளி அறுபடும். திருப்ப விரல்களுக்கு இடம் வேண்டும் என்பதால் நெருக்கி அடுக்கவும் இயலாது. என்.டி.டி.யின் எஸ்.சி. இரண்டையும் தீர்த்தது. சதுர நெகிழி உடல், தள்ளினால் பூட்டும், இழுத்தால் திறக்கும். 1995இல் அமெரிக்கக் கட்டடக் கேபிளிடல் தரநிலை டி.ஐ.ஏ. 568-ஏ அதைப் பரிந்துரைத்தது. உள்ளே அதே 2.5 மி.மீ. ஃபெரூல்தான்.

1990களின் பிற்பகுதியில் வந்த லூசெண்ட் நிறுவனத்தின் எல்.சி. இணைப்பியில் ஃபெரூலின் விட்டம் பாதிதான். அப்போது எம்.டி.-ஆர்.ஜே., எம்.யூ., ஃபெரூலே இல்லாத வி.எஃப்.-45 எனப் பல போட்டியாளர்கள் களத்தில் இருந்தனர். தரநிலைக் குழு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. எஸ்.எஃப்.பி. எனும் சிறு ஒளிக்கருவியின் வாயில் எல்.சி. துளைகள் அமைந்ததே போட்டியை முடித்து வைத்தது எனக் கருதுகிறேன். அந்தக் கருவி பொருந்தும் வலையமைப்பு ஸ்விட்சை வாங்கியவர் எல்.சி. கேபிளையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது.

எம்.பி.ஓ. வேறொரு கிளை. அதன் செவ்வக ஃபெரூலும் என்.டி.டி.யில் பிறந்ததே. 12 இழைகள் கால் மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்க, இரு வழிகாட்டி ஊசிகள் அவற்றை நேராக்குகின்றன. தரவு மையத்தில் 40 கிகாபிட் எஸ்.ஆர்.4 இணைப்பு அந்தப் பன்னிரண்டில் எட்டை மட்டும் பயன்படுத்துகிறது: நான்கு அனுப்ப, நான்கு பெற. ஊசி எந்தப் பக்கம், எந்த இழை எதனுடன் சேர்கிறது என்பதில் தவறினால் அத்தனை இழைகள் இருந்தும் தொடர்பு கிடைக்காது.

வீட்டு இணையத்துக்கு வரும் இழையின் முனையில் இன்றும் பெரும்பாலும் எஸ்.சி.தான் இருக்கிறது. பச்சை நிறம் சாய்ந்த முகத்தையும், நீலம் சாயாத முகத்தையும் குறிக்கும். ஒரே இழையில் தொலைக்காட்சி அலைகளையும் அனுப்புவோர்க்குத் திரும்பும் ஒளி பெருந்தொல்லை. ஆகவே பச்சையை விரும்புகின்றனர். பச்சை முனையையும் நீல முனையையும் எதிரெதிரே செருகினாலும் பூட்டு விழும். உள்ளே சாய்ந்த முகமும் சாயாத முகமும் சரியாகப் பொருந்தாமல் மீண்டும் காற்று இடைவெளி உண்டாகும், இழப்பு பல டெசிபெல் ஏறும். பணியாளர் நிறத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அண்மையில் வந்துள்ள எஸ்.என்., எம்.டி.சி. போன்ற மிகச்சிறு வகைகள் எல்.சி.யின் 1.25 மி.மீ. ஃபெரூலையே வைத்துக்கொண்டு உடலை மட்டும் ஒடுக்கியுள்ளன. தொட்டுக்கொள்ளும் முகத்துக்குத் தூசி இன்னும் பகையே. 9 மைக்ரான் உள்ளகத்தை மறைக்க ஒரு துகள் போதும். அழுத்தத்தில் அது கண்ணாடியைக் கீறவும் செய்யும். முகத்தை நுண்ணோக்கியில் சோதிக்கும் முறையை ஐ.இ.சி. 61300-3-35 தரநிலை வகுத்துள்ளது. சேறும் மணலும் தவிர்க்க முடியாத ராணுவக் களப்பணியில் முகங்கள் தொடுவதையே கைவிட்டு, வில்லையால் ஒளிக்கற்றையை விரித்து அனுப்பும் இணைப்பிகளைப் பயன்படுத்துகின்றனர். அவற்றில் இழப்பு கூடுதல். ஆனால் விரிந்த கற்றையில் ஒரு துகள் மறைப்பது சிறு பங்கைத்தான். துணியால் துடைத்தால் வேலை தொடரும்.