குருட்டுக்குடலிலிருந்து குளம்புவரை

குதிரையின் குருட்டுக்குடல் ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும். தின்ற புல்லும் வைக்கோலும் நொதித்துச் சத்தாக மாறுவது அங்கும், அதை அடுத்த பெருங்குடலிலும்தான். அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களில் பெரும் கூட்டம் கிராம்-நெகட்டிவ் இனம். அவற்றின் வெளிச்சவ்வு முழுக்க நெருக்கமாகப் பதிந்திருக்கிறது லிப்போபாலிசாக்கரைடு என்ற மூலக்கூறு. வெளியே நீளும் சர்க்கரைச் சங்கிலி, சவ்வுக்குள் புதைந்த கொழுப்பு வேர். அந்த வேருக்கு லிப்பிட் ஏ என்று பெயர்.

1892-ல் பெர்லினில், ராபர்ட் கோக்கிடம் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், சூட்டில் கொன்ற காலராக் கிருமிகளும் கினிப்பன்றிகளைச் சாகடிப்பதைக் கண்டார். நஞ்சு கிருமியின் உடம்பிலேயே இருக்கிறது, உடம்பு சிதையும்போது வெளிப்படுகிறது என்றார். அவர் எண்டோடாக்ஸின் என்று அழைத்தது இந்த மூலக்கூறைத்தான்.

குடலுக்குள் இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. ஒரு ராத்திரி கயிறு அவிழ்ந்த குதிரை தீவன அறையில் புகுந்து தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டால் கதை மாறும். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து கீழே இறங்க, அதை உண்ணும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அமிலத்தில் கிராம்-நெகட்டிவ் கூட்டம் மடிகிறது, குடற்சுவரும் புண்படுகிறது. செத்த கிருமிகளின் மேலுறை அந்தப் புண் வழியே ரத்தத்தில் கலக்கிறது. குடல் முறுக்கிக்கொண்டாலும் இதே கதிதான், இன்னும் வேகமாக.

முதல் காவல் கல்லீரல். அதன் விழுங்கணுக்கள் சிறு கசிவையெல்லாம் அன்றாடம் துடைத்துவிடும். வெள்ளமாக வந்தால் தாங்காது. அதைத் தாண்டிய மூலக்கூறை ரத்தத்திலுள்ள ஒரு புரதம் ஏந்தி, வெள்ளணுவின் மேலிருக்கும் டிஎல்ஆர்4 என்ற ஏற்பியிடம் சேர்க்கிறது. இந்த ஏற்பியின் வேலையை 1998-ல் வெளிக்கொணர்ந்த புரூஸ் பாய்ட்லருக்கு 2011-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஏற்பி விழித்ததும் அணு டிஎன்எஃப் முதலான அழற்சிப் புரதங்களைப் பொழிகிறது. குதிரையைச் சாய்ப்பது இந்தப் பொழிவுதான். மூலக்கூறு தானாக எந்தத் திசுவையும் அரிப்பதில்லை என்றே சொல்லலாம்.

கால்நடை மருத்துவர் முதலில் மேலுதட்டைத் தூக்கிப் பார்ப்பார். வெளிர் ரோஜா நிறத்தில் ஈரமாக இருக்கவேண்டிய ஈறு செங்கல் நிறமாகியிருக்கும். பல்லை ஒட்டி ஊதாக் கோடு ஓடும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் திரும்பவேண்டிய நிறம் தாமதிக்கும். ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், பலவும் நாளச் சுவர்களில் ஒட்டிக்கொண்டதால்.

இவ்வளவுக்கும் தேவையான அளவு அற்பம். கிலோவுக்கு 30 நானோகிராம் செலுத்தினாலே குதிரைக்குக் காய்ச்சல் வருகிறது. 500 கிலோ குதிரைக்கு மொத்தம் 15 மைக்ரோகிராம்; தூளுப்பின் ஒரு பரலில் பாதிகூட இல்லை. நுரையீரல் நாளங்களுக்குள்ளேயே விழுங்கணுக்கள் குடியிருப்பதும் குதிரையை இப்படி எளிதில் பாதிக்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது வேறொன்று. ரோடோபாக்டர் ஸ்ஃபீராய்டிஸ் என்ற பாக்டீரியாவின் லிப்போபாலிசாக்கரைடு மனித அணுக்களில் டிஎல்ஆர்4-ஐத் தூண்டாமல் அடைத்துவைக்கிறது. அதை முன்மாதிரியாகக் கொண்டு எரிட்டோரான் என்ற மருந்தையே செய்து பார்த்தார்கள். குதிரையின் ரத்தத்திலோ அதே லிப்போபாலிசாக்கரைடு அழற்சியை மூட்டிவிடுகிறது! மனிதனுக்குத் தடுப்பாக இருப்பது குதிரைக்குத் தூண்டுகோல். ஒரு விலங்கில் கண்டதை நம்பி இன்னொன்றுக்கு ஊசி போடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே குதிரைக்குக் கொடுப்பது லிப்பிட் ஏயையே பற்றிக்கொள்ளும் பாலிமிக்ஸின் பி. கூடவே அழற்சியைத் தணிக்கும் ஃபுளூனிக்ஸின். அதற்குப் பிறகும் குளம்பைப் பற்றிய அச்சம் நீங்காது. குளம்போடு எலும்பைப் பிணைக்கும் மென்மடிப்புகள் அழற்சியில் நெகிழ்ந்தால் குதிரை தன் எடையைத் தாங்கி நிற்கமுடியாது. லிப்போபாலிசாக்கரைடை மட்டும் ரத்தநாளத்தில் ஏற்றிய சோதனைகளில் இந்தக் கேடு முழுமையாக உருவாகவில்லை. குடலிலிருந்து அதோடு வேறு ஏதோவும் சேர்ந்து வரவேண்டும். ஆனாலும் தடுக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வான் எப்ஸும் பொலிட்டும் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், செயற்கையாக இந்நோயை வரவழைத்த 6 குதிரைகளுக்கு ஒரு முன்னங்காலை மட்டும் 48 மணி நேரம் ஐஸ் தண்ணீரில் வைத்தார்கள். குளிர்ந்த கால் பெரும்பாலும் தப்பியது. இன்று குடல் கெட்டு வரும் குதிரைக்கு, நொண்டத் தொடங்குமுன்பே நான்கு கால்களிலும் ஐஸ் கட்டுகிறார்கள்.