மங்கலிலிருந்து பிறந்த கூர்மை



பள்ளி ஆண்டிதழுக்காகச் சென்ற வாரம் ஒரு புகைப்படத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் முதற்பரிசு பெற்ற மாணவி கோப்பையுடன் மேடையில் நிற்கிறாள். அவள் முகத்தையும் கோப்பையையும் மட்டும் கூர்மையாக்கிப் பின்னணி முழுவதையும் மங்கலாக்கினேன். படம் எடுப்பாக அமைந்தது. எட்டிப் பார்த்த சக ஆசிரியை, "பின்னால் நிற்பது யார், டீச்சர்?" என்று கேட்டார். இரண்டாம் பரிசு பெற்ற மாணவன் அவன். என் வகுப்புப் பிள்ளை. அவன் முகத்தை நானே அழித்திருந்தேன்.

இத்தகைய வேலையைக் கணினிதான் தொடங்கிவைத்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் இது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம்.

1815இல் கல்கத்தாவில் பிறந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். 1863இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த படக்கருவியைக் கொண்டு இங்கிலாந்தில் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய படங்களில் முகத்தின் ஒரு பகுதி தெளிவாக இருக்கும். கூந்தலும் ஆடையும் மென்மையாகக் கரைந்திருக்கும். படங்கள் மங்கல் என்று திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்திலேயே வில்லையை நிறுத்திக்கொண்டதாக அவர் பின்னாளில் எழுதினார்.

1875இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கேமரூன், 1879இல் அங்கேயே காலமானார். கணவருக்கு அங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. தோட்டத் தொழிலாளர்களையும் ஊர்மக்களையும் அவர் படமெடுத்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசனும் டார்வினும் பெயரோடு நிற்கின்றனர். இலங்கைப் படங்களில் இருப்போர் பலருக்குப் பெயரே இல்லை. மலேசியத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு அவற்றை எளிதில் கடந்துபோக முடியவில்லை. முகம் தெளிவாகத் தெரிந்தும் ஒருவர் மறைந்துபோகலாம் போலும்.

கேமரூன் கண்ணை நம்பிச் செய்ததற்கு 1889இல் கோட்பாடு வகுத்தவர் பீட்டர் ஹென்றி எமர்சன். மருத்துவம் படித்தவர் ஆதலால் கண்ணின் இயல்பிலிருந்தே தொடங்கினார். நாம் ஒன்றை உற்றுநோக்கும்போது பார்வையின் நடுப்பகுதி மட்டுமே தெளிவாகும், சுற்றியுள்ளவை மங்கும். ஆகவே படத்திலும் முதன்மைப் பொருளே கூர்மையாக இருக்கவேண்டும் என்றார். இரண்டே ஆண்டுகளுக்குள் புகைப்படம் ஒரு கலை என்னும் தம் கருத்தையே கைவிட்டார் என்பது வேறு கதை. பின்னர் 1932இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் 'எஃப் 64' என்ற குழுவை அமைத்து, படத்தில் யாவும் கூர்மையாக இருக்கவேண்டும் என்று நேர்மாறாக வாதிட்டனர்.

எனக்கு மிகவும் வியப்பளித்தது இருட்டறையில் நடந்த ஒரு வேலைதான். நெகட்டிவிலிருந்து வேண்டுமென்றே மங்கலான ஒரு பாசிட்டிவ் நகல் எடுப்பார்கள். இரண்டுக்கும் இடையே சற்று இடைவெளி விட்டால் நகல் தானாகவே மங்கிவிடும். அதை நெகட்டிவோடு சரியாகப் பொருத்தி, இரண்டையும் சேர்த்து அச்சிடுவார்கள். பெரிய பரப்புகளின் வெளிச்ச வேறுபாடு தணியும். நுண்ணிய ஓரங்கள் மட்டும் எழுந்து நிற்கும். மங்கலைக் கொண்டே கூர்மையைப் பிறப்பிக்கும் வித்தை இது. 1970களில் ஆஸ்திரேலிய வான்நோக்ககத்தில் டேவிட் மாலின் இம்முறையால் விண்மீன் கூட்டங்களின் நுண்ணிய அமைப்புகளை வெளிக்கொணர்ந்தார். போட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதிலுள்ள 'அன்ஷார்ப் மாஸ்க்' என்னும் கருவி, கூர்மையற்ற முகமூடி என்ற அந்த இருட்டறைப் பெயரையே இன்றும் தாங்கி நிற்கிறது. மாணவர்களுக்கு இப்பெயர் ஒரு புதிர். கூர்மையாக்கும் கருவிக்கு ஏன் இப்படியொரு பெயர் என்று கேட்பார்கள். இனிமேல் இருட்டறைக் கதையைச் சொல்லலாம்.

கேமரூன் வில்லையை நகர்த்தினார். நான் சுட்டியை நகர்த்துகிறேன். அவ்வளவுதான் வேறுபாடு. எதைத் தெளிவாக்குவது என்ற முடிவைக் கருவி எடுப்பதில்லை.

அந்த ஆண்டிதழ்ப் படத்தை மறுபடியும் திறந்தேன். மறைப்படுக்கில் தூரிகையால் அந்தப் பையனின் முகத்தை மீட்டெடுத்தேன். திரைச்சீலையும் ஒலிபெருக்கியும் மங்கலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். படம் முன்புபோல் எடுப்பாக இல்லை என்கிறார் அதே ஆசிரியை. உண்மைதான். கீழே இருவர் பெயரையும் சேர்த்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.