நீரில் மிதந்த நங்கை

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் வரும் ஒஃபீலியா, தன் தந்தை காதலன் கையாலேயே மாண்டதால் சித்தம் கலங்கி, ஓடையில் வீழ்ந்து உயிர்விடும் பேதைப் பெண். அவளுடைய சாவை நாடகம் காண்போர் கண்ணால் காண்பதில்லை. கிளை முறிந்ததும், அவள் வீழ்ந்ததும், விரிந்த ஆடை சிறிது நேரம் தாங்க அவள் பாடியவாறே மிதந்ததும் நான்காம் அங்கத்தில் அரசியின் வாய்மொழியாக மட்டுமே நமக்குத் தெரிய வருகின்றன. மேடையில் நிகழாத அக்காட்சியைத்தான் 1851ஆம் ஆண்டில் ஜான் எவரெட் மில்லே என்னும் 22 வயது ஆங்கில ஓவியர் வரையத் துணிந்தார்.

இயற்கையைக் கண்டவாறே தீட்ட வேண்டும் என்பது அவரும் அவருடைய நண்பர்களும் 1848இல் வகுத்துக்கொண்ட கொள்கை. ஆகவே சர்ரே மாவட்டத்தின் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் பல மாதங்கள் அமர்ந்து, ஈக்கடியையும் காற்றையும் பொறுத்து, இலை இலையாகவும் பூப் பூவாகவும் வரைந்தார். கரையும் நீரும் முடிந்தன. பெண்ணுக்குரிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

அவ்விடத்தை நிரப்ப வந்தவர் எலிசபெத் சிடல். இலண்டனில் பெண்களுக்கான தொப்பிகள் செய்யும் கடையொன்றில் வேலை பார்த்த ஏழைப் பெண். வெள்ளிச் சரிகை வேலைப்பாடமைந்த பழைய ஆடையை உடுத்து, மில்லேயின் இல்லத்தில் நீர் நிரப்பிய தொட்டியில் அவர் படுத்திருக்க வேண்டும். குளிர்காலமாதலால் தொட்டியின் அடியில் விளக்குகள் ஏற்றி நீரைச் சூடாக வைத்தனர். ஒருநாள் விளக்குகள் அணைந்துவிட்டன. வரைவதில் ஆழ்ந்திருந்த ஓவியர் அதைக் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணும் வாய் திறக்கவில்லை. கடுங்குளிரால் அவர் நோயில் வீழ்ந்தார். அவருடைய தந்தை 50 பவுன் கேட்டுக் கடிதம் எழுதிய பின்னர், மருத்துவச் செலவை மில்லே ஏற்றுக்கொண்டார்.

ஆற்றோரத்துக் களைச்செடிக்குக் கிட்டிய கவனம் தொட்டியில் கிடந்த பெண்ணுக்குக் கிட்டவில்லையே என்று எண்ணத் தோன்றுகிறது. வறுமையில் உழைப்போருக்கு முறையிடும் துணிவு எளிதில் வருவதில்லை போலும்!

1852இல் ராயல் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட அந்த ஓவியத்தை, ஹென்றி டேட் என்னும் சர்க்கரை வணிகர் 1894இல் நாட்டுக்கு நன்கொடையாக வழங்கினார். இலண்டனிலுள்ள டேட் கலைக்கூடத்தில் மக்கள் இன்றும் விரும்பிக் காணும் ஓவியங்களுள் அது ஒன்று.

சிடலை வெறும் மாதிரிப் பெண்ணாகவே உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது. உண்மையில் அவர் கவிதை எழுதினார், ஓவியமும் தீட்டினார். கலைத் திறனாய்வாளர் ரஸ்கின் 1855இல் அவருடைய ஓவியங்களுக்காக ஆண்டுக்கு 150 பவுன் அளிக்க முன்வந்தார். 1857இல் அவ்வோவியர் குழு இலண்டனில் நடத்திய கண்காட்சியில் இடம்பெற்ற ஒரே பெண் அவர்தாம். 1860இல் ஓவியரும் கவிஞருமான ராசெட்டியை மணந்தார். 1862இல், அபின் கலந்த மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டு மறைந்தார்.

அவர் 1856இல் தீட்டிய சிறிய நீர்வண்ண ஓவியம் ஒன்று அதே டேட் கலைக்கூடத்தின் சேமிப்பில் உள்ளது. பழைய ஸ்காத்லாந்துக் கதைப்பாடலொன்றைத் தழுவிய அதில், கடலில் மூழ்கிப்போன ஆடவரின் வருகையை எதிர்நோக்கிப் பெண்கள் கரையில் காத்திருக்கின்றனர்.