இதயச் செயலிழப்பு உள்ள முதியோரும் படிப்பயிற்சியும்

இதயச் செயலிழப்பு உள்ள முதியவருக்கு அன்றாட வாழ்வில் முதலில் கடினமாவது பெரும்பாலும் படிக்கட்டுதான். சமதரையில் தெரியாத இளைப்பு ஐந்தாறு படி ஏறியதும் தெரிந்துவிடும். நியூயார்க் இதயச் சங்கம் வகுத்த நான்கு நிலைகளில் ஒருவரை எதில் சேர்ப்பது என்று முடிவு செய்ய, “எத்தனை மாடி நிற்காமல் ஏற முடிகிறது?” என்று மருத்துவர் கேட்பதும் அதனால்தான். அந்தப் படிக்கட்டையே அளவறிந்து பயன்படுத்திக் கால் தசைகளை வலுவாக்குவது படிப்பயிற்சி எனப்படும்.

20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நோய்க்கு ஓய்வே விதியாக இருந்தது. தளர்ந்த இதயத்துக்கு வேலை தரக்கூடாது என்ற அச்சத்தில் நோயாளிகள் படுக்கையில் வைக்கப்பட்டனர். 1988இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்தும் 1990இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்தும் வந்த சிறிய ஆய்வுகள், முறையான பயிற்சி உடல்திறனைக் கூட்டுகிறது என்று காட்டி அந்த அச்சத்தைத் தளர்த்தின. 2,331 பேரைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான ஹெச்.எஃப்.-ஆக்‌ஷன் ஆய்வு, பயிற்சி பாதுகாப்பானது என்பதை உறுதிசெய்தது. ஆனால் அதில் சேர்ந்தவர்களின் இடைநிலை வயது 59. இந்நோயால் அதிகம் அவதிப்படும் எழுபது, எண்பது வயதினர் அதில் குறைவாகவே இருந்தனர்.

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அறிக்கையில் வரும் ஈ.எஃப். எண்ணைத்தான், அதாவது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் ரத்தத்தின் விழுக்காட்டைத்தான், குடும்பத்தார் கவலையோடு பார்க்கிறார்கள். அந்த எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு நடக்க முடியும் என்பதற்கும் உள்ள தொடர்பு மிகவும் பலவீனமானது. ஈ.எஃப். ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவர் கடைத்தெருவுக்குப் போய் வருவார், இன்னொருவர் குளியலறை வரை போகவே தடுமாறுவார். வேறுபாட்டின் பெரும்பகுதி காலில் இருக்கிறது. நாள்பட்ட இதயச் செயலிழப்பில் தொடைத் தசை மெலிகிறது, நெடுநேரம் உழைக்கக்கூடிய மெதுவகை இழைகள் குறைகின்றன, அவற்றுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் குறைகிறது. உடலில் தணியாத அழற்சி, பசியின்மை, ஓய்வே கதியென்ற வாழ்க்கை எல்லாம் இதைத் துரிதப்படுத்துகின்றன. முதுமையின் இயல்பான தசையிழப்பும் சேரும்போது சரிவு இன்னும் வேகமாகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வை நடத்திய ஆண்ட்ரூ கோட்ஸ் பிற்பாடு முன்வைத்த ‘தசைக் கருதுகோள்’ மூச்சிரைப்பையும் இதோடு இணைத்தது. நலிந்த தசை சிறு வேலைக்கே களைத்து, நரம்புகள் வழியே மூச்சைக் கூட்டும்படி மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இளைப்புக்கு அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் தசை மேலும் நலிகிறது.

படியேறும்போது முன்தொடைத் தசையும் புட்டத் தசையும் உடலின் முழு எடையையும் ஒற்றைக் காலில் தூக்குகின்றன. கால் எவ்வளவு விரைவாக வலுவைக் காட்டுகிறது என்பதை ஏறும் உயரத்தையும் நேரத்தையும் கொண்டே கணக்கிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 செ.மீ. உயரமுள்ள 10 படிகளை ஏறினால், தன் உடலை ஒன்றரை மீட்டர் உயர்த்துகிறார். அதற்கு 10 வினாடி ஆனால் ஆற்றல் வீதம் சுமார் 88 வாட், 6 வினாடி ஆனால் 147 வாட். கைக்கடிகாரமும் அளவு நாடாவும் எடைக்கருவியும் இருந்தாலே செய்யக்கூடிய இந்த எளிய அளவீடு, முதியோர் மருத்துவத்தில் இன்னும் பரவலாக வேண்டும்.

இறங்குவதைப் பயிற்சியாக யாரும் எண்ணுவதில்லை. அதன் அருமை இந்நோயாளிகளுக்குத்தான் அதிகம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. தசைக்குப் போதிய சுமை கிடைக்கிறது, தேவைப்படும் ஆக்சிஜனோ ஏறுவதற்கு ஆவதில் ஏறத்தாழ பாதிதான். உடல் பருமனுள்ள மூத்த பெண்களிடம் தைவானில் 12 வாரம் நடந்த ஆய்வில், ஏறியவர்களைவிட இறங்கியவர்களுக்கே கால் வலு அதிகம் கூடியது. அவர்கள் இதய நோயாளிகள் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தவிர, படியில் விழும் விபத்துகள் இறங்கும்போதுதான் அதிகம். பழக்கமில்லாத தசையில் முதல் ஓரிரு நாள் வலியும் இருக்கும்.

முதிய தசை பயிற்சிக்கு இணங்குமா என்ற ஐயத்துக்கு 1994இலேயே விடை கிடைத்தது. பாஸ்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில், சராசரி வயது 87 உள்ள 100 பேரிடம் நடந்த ஆய்வில், எடைப்பயிற்சி பெற்றவர்களின் கால் வலு இரு மடங்குக்கு மேலாயிற்று. படியேறும் ஆற்றல் 28 விழுக்காடு கூடியது. இதயச் செயலிழப்பு உள்ள மூத்த பெண்கள் 16 பேரிடம் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், 10 வார எடைப்பயிற்சிக்குப் பின் வலு 43 விழுக்காடும், ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் 13 விழுக்காடும் உயர்ந்தன. அந்த முன்னேற்றத்துக்குக் காரணம் இதயத்தில் அல்ல, தசையில் ஏற்பட்ட மாற்றமே. இதயம் அப்படியே இருக்கக் கால் மட்டும் தேறினாலும் வாழ்வு இலகுவாகும் என்பதற்கு இந்தச் சிறிய ஆய்வு ஒரு சான்று. 2021இல் வெளியான ரிஹாப்-ஹெச்.எஃப். ஆய்வு, இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட, 60 வயதும் அதற்கு மேலும் ஆன 349 பேரில் ஒரு பிரிவினருக்கு வலு, சமநிலை, நடமாட்டம், தாங்குதிறன் ஆகிய நான்கிலும் சேர்த்துப் பயிற்சி அளித்தது. மூன்று மாதத்தில் அவர்களின் உடற்செயல் மதிப்பெண் 12க்கு 8.3 ஆனது; வழக்கமான சிகிச்சை பெற்றோருக்கு 6.9. மறுபடி மருத்துவமனைக்கு வரும் எண்ணிக்கை மட்டும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின், 10 செ.மீ. உயரமுள்ள ஒற்றைப் படியில் தொடங்குவது நல்லது. ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும். வழுக்காத செருப்பும் நல்ல வெளிச்சமும் கட்டாயம். பாதம் முழுவதும் படியில் பதிந்த பிறகே உடலை உயர்த்த வேண்டும். உயரும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கிக்கொண்டால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு போதும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு நம்பகமான அளவுகோல் அல்ல. சிரமத்தை 6 முதல் 20 வரை எண்ணிச் சொல்லும் போர்க் அளவுகோலில் 11–13 தொடக்கத்துக்குப் பொருத்தமானது. பயிற்சியின் நடுவே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்ததும் தலைசுற்றலாம் என்பதால், சற்று நின்று நிதானித்த பின்பே படியில் கால் வைக்க வேண்டும்.

ஓய்விலேயே மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கட்டுக்குள் வராத துடிப்புக் கோளாறு, கடுமையான பெருந்தமனி வால்வுச் சுருக்கம், காய்ச்சல் ஆகியவை இருக்கும்போது பயிற்சி கூடாது. இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ கூடினாலோ காலில் நீர் கோத்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து சீரான பிறகு, விட்ட இடத்திலிருந்து அல்லாமல் தாழ்ந்த படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.