உக்கியது ஒரு முனைதான்

எட்டாம் வகுப்பில் எங்களை ஒஸ்லோவின் பிக்டோய் பகுதியில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள். கோல் என்ற ஊரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த மரத்தேவாலயம் அங்கே நிற்கிறது. கிட்டத்தட்ட 800 வயது. மழையும் பனியும் கொட்டும் நாட்டில் மரம் எப்படி இவ்வளவு காலம் உக்காமல் இருக்கும்?

விடை அடியில் இருக்கிறது. அதற்கு முந்தைய தேவாலயங்களில் தூண்களை மண்ணில் புதைத்தார்கள். ஈரம் ஏறி அவை உக்கிப்போயின. பின்னால் வந்த தச்சர்கள் கல் அடுக்கி, அதன்மேல் கிடைமரம் வைத்து, அதில் தூண்களை நிறுத்தினார்கள். வெளிப்புறத்தில் பைன் மரத்திலிருந்து வடித்த தாரைக் காலத்துக்குக் காலம் பூசினார்கள். அப்படிக் கட்டியவற்றில் நோர்வேயில் இன்று 28 மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஊர்னெஸ் தேவாலயம் 1979இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

கோல் தேவாலயத்தை 1880களில் இடம்மாற்றியபோது, அதன் வெளிப்புறத்தைப் போர்குண்ட் தேவாலயத்தைப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள். இன்று அப்படிச் செய்யத் தயங்குவார்கள். உக்கிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, அதே இன மரத்தில் துண்டு செதுக்கிப் பொருத்துவார்கள். அதற்குப் பழைய கோடரித் தடங்களை வாசிக்கத் தெரிந்த கைகள் வேண்டும். 2001 முதல் 2015 வரை அரசு இந்தத் தேவாலயங்களைத் திருத்தியபோது, அந்தக் கைவேலையையும் தச்சர்கள் மீண்டும் பழகினார்கள்.

இதைக் கற்பிக்கப் பல நாட்டவருக்கான பயிற்சி ஒன்றும் நோர்வேயில் உண்டு. இக்ரோம் என்ற சர்வதேச மரபுரிமை அமைப்போடு சேர்ந்து 1984இல் தொடங்கியது. ஈரம் எங்கிருந்து வருகிறது, அரிப்பது பூஞ்சையா பூச்சியா, எதைத் தொடக்கூடாது என்று அங்கே படிக்கிறார்கள்.

இதை வாசித்தபோது யாழ்ப்பாணத்தில் அப்பப்பாவின் வீடு நினைவுக்கு வந்தது. பனை வளையும் சிலாகையும் போட்ட ஓட்டுக் கூரை. ஒழுக்கு வந்ததும், "எல்லாம் உக்கிப்போச்சு" என்று முழுவதையும் இறக்கிவிட்டுத் தகரம் போட்டோம். காசு அனுப்பியது நாங்கள்தான். வளவில் குவித்த மரங்களின் படம் என் போனில் இருக்கிறது. இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு வளையின் முனை மட்டும் கறுத்திருக்கிறது. மற்றவை நல்ல வைரம்.

உங்கள் ஊர் வீட்டையும் யாராவது திருத்தப்போகிறார்களா? காசு அனுப்புவதற்கு முன், "எந்த மரம், எந்த முனை?" என்று கேளுங்கள். ஊரில் ஒரு வயதான தச்சர் இருந்தால், அவரையும் கூரையில் ஏறிப் பார்க்கும் ஒருவரையும் சேர்த்துக் கூப்பிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை.